ஐந்து வனங்களும் அவற்றின் மலர்களும்
தாராசுரத்திலிருந்து ஒரு நாள் வசந்தகாலப் பயணம்: கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

வனம் என்றவுடன் மலையும் அருவியும் குளிர்ந்த சோலையுமே பலருக்கு நினைவு வரும். நெல்லும் வாழையும் தென்னையுமே கண்டு வளர்ந்த காவிரிக்கரைக் குடியானவர், “நம் பக்கத்தில் காடு ஏது? காட்டுப்பூ ஏது?” என்று கேட்பது இயல்பே. ஆயினும் தாராசுரத்துக்குத் தெற்குப் புறத்தில் ஐந்து ஊர்கள் இன்றளவும் வனத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம். இவ்வைந்தும் தேவாரப் பாடல் பெற்றவை. பஞ்ச ஆரண்யத் தலங்கள் என வழங்கப்படுபவை. விடியற்காலையில் முதல் ஊரையும், காலைச்சந்தியில் இரண்டாவதையும், உச்சிக்காலத்தில் மூன்றாவதையும், சாயரட்சையில் நான்காவதையும், அர்த்தசாமத்தில் ஐந்தாவதையும் சேர்ந்து, ஒரே நாளில் ஐந்தையும் வழிபடுவது நெடுங்கால வழக்கம். அன்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து செல்லும் இந்த யாத்திரையே, இந்நாட்டில் மலரின் பெயரால் வனம் தேடிச் செல்லும் பயணம் எனலாம்.

அவ்வழியே செல்வோர் கோயிலைக் காண்கின்றனர்; கோபுரத்தைக் காண்கின்றனர்; பிரசாதம் பெற்றுத் திரும்புகின்றனர். வனம் எங்கே என்று கேட்போர் மிகச் சிலரே. வனத்திற்குப் பெயர் கொடுத்த செடியையும் மலரையும் நேரிற் கண்டு, அதன் குணத்தை அறிந்து, அதனால் ஊருக்கு விளையும் நன்மை யாதென விசாரிப்பவர் அவர்களிலும் சிலர். அவ்விசாரணையை ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் கூடிச் செய்யும் முறையைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பயணம் எதற்கு?

“பூவைப் பார்ப்பதற்கு வண்டிச் சத்தம் கொடுப்பதா?” என்று ஓர் அங்கத்தினர் ஆட்சேபிக்கலாம். அது நியாயமான கேள்வியே. விதை, உரம், வட்டி, தவணை இவற்றைப் பற்றிப் பேசுவதற்கே சங்கக் கூட்டத்தில் நேரம் போதாதபோது, பூவைப் பற்றிய பேச்சு வீண் என்று தோன்றும்.

ஆனால் வயலின் விளைவு வரப்புக்குள் மாத்திரம் உண்டாவதன்று. பூசணி, பீர்க்கு, வெள்ளரி முதலியவை தேனீயும் வண்டும் வந்து மகரந்தத்தைச் சேர்ப்பித்தால்தான் காய்க்கும். எள்ளுக்கும் தென்னைக்கும் அவற்றின் வரவு நன்மை தரும். நெற்பயிர் நிற்கும் நாளில் தேனீக்கு அங்கே தேன் இல்லை. உளுந்தும் பயறும் அறுவடையான பின், பங்குனி சித்திரையில் வயல் வெறுமையாகக் கிடக்கும். அந்நாளில் தேனீ உயிர் பிழைப்பது ஆற்றங்கரை மரங்களிலும் வேலிச் செடிகளிலும் தானாகப் பூக்கும் மலர்களினால்தான். யாரும் விதைக்காத, யாரும் நீர் இறைக்காத, எவர் பெயரிலும் பட்டா இல்லாத ஒரு பூ, எல்லாருடைய தோட்டத்துக்கும் வேலை செய்கிறது.

எவருக்கும் உரிமையில்லாத பொருளை எவரும் காப்பதில்லை என்பது உலக அனுபவம். எல்லாருக்கும் பயன்படுவதை எல்லாரும் கூடிக் காக்கவேண்டும் என்பது கூட்டுறவின் முதற் பாடம். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இந்நாட்டில் கூட்டுறவு நாணய சங்கங்கள் தோன்றியபோது, தனியொருவனாகக் கடன் பெற வகையில்லாத குடியானவன் தன்னைப் போன்ற பலரோடு சேர்ந்து நம்பிக்கைக்கு உரியவனானான். பணத்துக்குப் பயன்பட்ட அந்த முறை மரத்துக்கும் பயன்படும். ஆகவே காட்டுமலர் காணச் செல்வது சங்கத்தின் அலுவலுக்குப் புறம்பானதன்று.

2. காலமும் ஏற்பாடும்

சித்திரை மாதத்தின் முற்பாதி இப்பயணத்துக்கு ஏற்றது. சம்பா அறுவடையும் அதன்பின் வந்த உளுந்து, பயறு அறுவடையும் முடிந்து, குடியானவர் சற்று ஓய்ந்திருக்கும் சமயம் அது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் விடும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் ஆறும் வாய்க்காலும் பெரும்பாலும் வறண்டிருப்பதால் கரைவழியே நடப்பது எளிது. மழைக்கும் நிலத்துக்கும் ஏற்பப் பூக்கும் நாள் சில வாரங்கள் முன்பின் ஆகக்கூடும். ஆகையால் நாள் குறிக்குமுன் ஓர் அங்கத்தினரை அனுப்பிப் பார்த்து வரச் செய்தல் நலம்.

ஐந்து ஊர்களையும் ஒரே நாளில் கால்நடையாகவே முடிப்பது பழக்கமில்லாதவர்க்கு அரிது. ஊருக்கு ஊர் வண்டியிற் சென்று, ஒவ்வோர் ஊரிலும் ஆற்றங்கரையையோ குளக்கரையையோ பற்றி அரைமணி அல்லது ஒரு மணி நேரம் நடப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஒரு குழுவில் பதினைந்து முதல் இருபது பேர் வரை இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது; பேச்சுச் சத்தமே மிஞ்சும். குழுவில் பெண்கள் அவசியம் இடம் பெறவேண்டும். எந்தக் கீரை வரப்பில் எப்போது தழைக்கும், எந்தப் பூ எந்த நோய்க்கு ஆகும் என்பவை ஆண்களைவிட அவர்களுக்கே அதிகம் தெரியும். ஆடு மேய்ப்பவர் ஒருவரும், மருந்துச் செடி அறிந்த முதியவர் ஒருவரும் உடன் வந்தால் பயணம் பாதி வெற்றி பெற்றதாகும்.

ஒருவர் தலைவராகவும், ஒருவர் குறிப்பெழுதுபவராகவும், ஒருவர் குடிநீருக்கும் உணவுக்கும் பொறுப்பாளராகவும் முன்கூட்டியே நியமிக்கப்படல் வேண்டும். நண்பகல் வெயிலில் நடை கூடாது. அந்நேரத்தை நிழலில் உட்கார்ந்து கண்டவற்றை ஒப்பிட்டுப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளலாம். புதரில் கால் வைக்குமுன் கோலால் தட்டிப் பார்க்கவேண்டும். மரத்திலும் செடியிலும் உள்ள பூவைப் பறித்தல் ஆகாது. உதிர்ந்து கிடக்கும் பூவில் வகைக்கு ஒன்று எடுக்கலாம். கோயில் மரத்திலிருந்து இலையோ வித்தோ வேண்டுமானால் அங்குள்ளவரிடம் அனுமதி பெற்ற பின்னரே எடுக்கவேண்டும். ஊமத்தையும் செங்காந்தளும் கண்ணுக்கு இனியவை, ஆனால் விஷமுள்ளவை. சிறுவர் உடன் வந்தால் இதை முதலிலேயே சொல்லிவைத்தல் அவசியம். கேள்விப்பட்ட மருத்துவத்தை வைத்தியரைக் கேளாமல் செய்துபார்ப்பதும் தவறு.

3. ஐந்து மலர்கள்

முல்லை. திருக்கருகாவூரில் இறைவன் பெயரே முல்லைவனநாதர். முல்லை கொடியினம். இதன் இலையைக் கூர்ந்து நோக்கினால், நடுவில் ஒரு சிற்றிலை பெரிதாகவும், அதன் அடியில் இருபுறமும் இரண்டு சிற்றிலைகள் காதுகளைப் போல மிகச் சிறுத்தும் இருக்கும். மல்லிகையினின்று முல்லையைப் பிரித்தறிய இதுவே அடையாளம். மாலையில் மலர்ந்து மணம் வீசும் முல்லையைத் தமிழ் மரபு கார்காலத்துக்கு உரியதாகச் சொல்லும். ஆகையால் சித்திரையில் செல்வோர் இங்கே நிறையப் பூவைக் காணாமற்போகலாம். அதனால் ஏமாற்றம் அடையவேண்டுவதில்லை. எல்லா மலரும் ஒரே காலத்தில் பூப்பதில்லை என்பதும், அப்படிப் பூவாதிருப்பதனாலேயே தேனீக்கு ஆண்டு முழுவதும் உணவு கிடைக்கிறது என்பதும் இப்பயணத்தின் முதற் பாடமாகும்.

பாதிரி. அவளிவணல்லூருக்கு உரிய பாதிரி, உயர்ந்து வளரும் மரம். இதன் பூ ஊதுகுழல் போன்ற வடிவமும் நறுமணமும் உடையது. வேனிற்கால மலர் என்று பண்டைத் தமிழர் இதனை அறிந்திருந்தனர். கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் இம்மரத்தாலேயே பெயர் பெற்றது. வடநாட்டில் மௌரியர் தலைநகராயிருந்த பாடலிபுத்திரத்தின் பெயரும் பாடலி என்னும் இம்மரத்தை ஒட்டியது என்பர். நீண்டு தொங்கும் காய் முற்றி வெடித்தால், சிறகுடைய விதைகள் காற்றிற் பறந்து செல்லும். சித்த ஆயுர்வேத வைத்தியர்கள் தசமூலம் என்று சொல்லும் பத்து வேர்களில் பாதிரிவேரும் ஒன்று. இத்தனை பெருமையுள்ள மரத்தைப் பெயரால் அறிந்தவர் பலர். கண்ணால் கண்டவர் மிகச் சிலர்.

வன்னி. அரித்துவாரமங்கலத்தின் மரம் இது. விஜயதசமியன்று அம்பு போடும் மரம் என்று பலரும் அறிவர். இதன் பூ பூவாகவே தோன்றாது. வெளிர்மஞ்சள் நிறமுள்ள சிறு கதிர்களாகத் தொங்கும். ஆனால் அருகிற் சென்று நின்றால் தேனீயின் ரீங்காரம் கேட்கும். வேர் மிக ஆழமாகச் செல்வதால் மேல்மண்ணின் ஈரத்துக்குப் பயிரோடு அவ்வளவாகப் போட்டியிடுவதில்லை. அவரை இனத்தைச் சேர்ந்ததாகையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்க்கிறது. காயும் தழையும் ஆடுமாடுகளுக்குத் தீனி. இராஜஸ்தானத்தின் வறண்ட நாட்டில் இம்மரத்தைக் கேஜ்ரி என்பர். வயல் நடுவிலேயே விட்டு வளர்ப்பர். 1730-இல் ஜோத்பூரை அடுத்த கேஜர்லி என்னும் கிராமத்தில், அரண்மனை வேலைக்காக இம்மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று உயிர் நீத்தார். அவரையும் சேர்த்து, பிஷ்னோய் வகுப்பைச் சேர்ந்த 363 பேர் அவ்வாறே மாண்டனர் என்பது வரலாறு. எவர் வீட்டு மரத்துக்காகவும் அவர்கள் மாளவில்லை; ஊர் மரத்துக்காக மாண்டார்கள்.

வன்னிக்கும் சீமைக்கருவேலுக்கும் உள்ள வேற்றுமையை இவ்விடத்தில் ஒவ்வொருவரும் கண்டுகொள்ளவேண்டும். இரண்டும் நெருங்கிய உறவுள்ள மரங்கள். இலையும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாக உடையது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் முட்கள் நீண்டு, இலை பிறக்கும் கணுவில் பெரும்பாலும் இரட்டையாக நிற்கும். வன்னியின் முட்கள் சிறியவை. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஆங்காங்கு காணப்படும். சீமைக்கருவேல் பரவிய இடத்தில் பிற செடிகள் எளிதில் தழைப்பதில்லை. அதை அழிக்கப் புறப்பட்டவர் அறியாமையால் வன்னியையும் சேர்த்து வெட்டிவிட நேரும். அறிவில்லாத நல்லெண்ணம் தீமையாக முடியும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

பூளை. ஆலங்குடியைக் குருஸ்தலமாக எண்ணி வருவோர் ஆயிரக்கணக்கானவர். அது பூளைவனம் என்று அறிந்தவர் அவர்களிற் சிலரே. பூளை மரமும் அன்று, கொடியும் அன்று. முழங்காலளவு வளரும் ஒரு பூண்டு. வெண்மையான பஞ்சு போன்ற பூக்கதிர் உடையது. பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலை, ஆவாரம்பூ இவற்றோடு சேர்த்துக் காப்புக் கட்டப் பல ஊர்களில் இதையே நாடுகின்றனர். சிறுநீர்க் கல்லுக்கு நாட்டு வைத்தியர்கள் இதைக் கஷாயத்தில் சேர்ப்பர். மார்கழி தையில் மிகுந்து காணப்படும் இப்பூண்டைச் சித்திரையில் தேடவேண்டியிருக்கும். வரப்பின் உலர்ந்த மேட்டிலும் பாதையோரத்திலும் தேடினால் கிடைக்கும். ஒரு பூண்டின் பெயரால் ஒரு வனத்தை அழைத்த முன்னோர், பெரிய மரத்துக்குக் கொடுத்த மதிப்பைச் சிறிய செடிக்கும் கொடுத்தனர். களைக்கொல்லி தெளிப்பவர் இதைச் சிந்தித்தல் நலம். வரப்பின் மேல் உள்ளதெல்லாம் களையன்று.

வில்வம். பயணத்தின் முடிவில் திருக்கொள்ளம்பூதூரில் காணும் மரம் இது. மூன்று சிற்றிலைகள் கூடியது ஓர் இலை என்பது யாவரும் அறிந்ததே. இதன் பூவைப் பார்த்தவர் குறைவு. வேனிலில் புதுத் தளிரோடு, பசுமை கலந்த வெண்ணிறத்தில் இனிய மணமுள்ள பூக்கள் தோன்றும். பூத்த நாளிலிருந்து காய் பழுக்க ஏறக்குறைய பத்துப் பதினொரு மாதம் ஆகும். ஆகையால் சென்ற ஆண்டின் காயும் இவ்வாண்டின் பூவும் ஒரே மரத்தில் சேர்ந்து நிற்கும் காட்சியைக் காணக்கூடும். வில்வத்தின் பிஞ்சு வயிற்றுப்போக்குக்கு மருந்து. இதன் வேரும் தசமூலத்தில் ஒன்று. வழக்கப்படி அர்த்தசாமத்தில் இங்கே சேர்வோர் இருளில் பூவைக் காணமுடியாது. மலருக்காகச் செல்லும் குழு பொழுது சாயுமுன்பே இவ்வூரை அடையும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளவேண்டும்.

4. வழியிடைக் காணத்தக்கவை

ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள வழியும் ஒரு பாடமே. ஆற்றங்கரையில் மருதமரம் நிற்குமானால் வண்டியை நிறுத்தவேண்டும். இந்நாட்டுக்கே மருதநிலம் என்று பெயர் கொடுத்த மரம் அது. திருவிடைமருதூர் அதன் பெயரையே தாங்கியுள்ளது. மருதத்தின் வேர் கரை மண்ணைப் பற்றிக்கொள்ளும். நொச்சியின் நீலப்பூங்கொத்தும் கரையோரத்தில் தென்படும். அதன் தழையைத் தானியத்தில் பூச்சி அணுகாதிருக்கப் போட்டுவைப்பர். புங்கு சித்திரையில் புதுத்தளிரும் இளஞ்சிவப்பு கலந்த வெண்பூவுமாய் நிற்கும். அடியில் பூப்பாய் விரித்தது போலிருக்கும். அதன் தழை வயலுக்கு எரு, பிண்ணாக்கும் எரு. வேம்பின் சிறுபூ உதிர்ந்து கிடப்பதைப் பெண்கள் கூட்டியெடுத்து உலர்த்துவர். 2015-இல் இந்திய அரசு, உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று விதித்தது. யூரியாவிலுள்ள தழைச்சத்து விரைவில் வீணாகாமல் மெல்ல மெல்லப் பயிருக்குச் சேர வேம்பு உதவுகிறது என்பதே காரணம். வேலியோரத்து மரத்தின் குணம் உரமூட்டைக்குள் போய்ச் சேர்ந்த கதை இது.

தரிசில் ஊதாநிறச் சிறுபூவோடு நிற்கும் கொழிஞ்சியை அவசியம் காட்டவேண்டும். அதை ஆடுமாடு விரும்பி மேய்வதில்லை. ஆகையால் மேய்ச்சலுக்கு விட்ட நிலத்திலும் அது பிழைத்துக்கொள்ளும். ஒரு முறை விதைத்து முற்றவிட்டால் சிந்திய விதையினாலேயே மறுவருஷமும் முளைக்கும். விதையின் தோல் தடித்திருப்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைப்பது வழக்கம். மடக்கி உழுதால் நெல்லுக்குச் சிறந்த தழையுரம். தழையுரத்தை மறந்து மூட்டை உரத்தையே நம்பும் அங்கத்தினர், கடன் பத்திரத்தில் உரத்துக்கென்று எழுதிய தொகையை இச்செடியின் பக்கத்தில் நின்று ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

5. கூடிப் பார்ப்பதன் பயன்

செடியைத் தனியே பார்ப்பதைவிடக் கூடிப் பார்ப்பதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். இதற்கும் காவிரி நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. காவிரிப் பாசனம் கடலை அடையும் தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கே 1768-இல் கோனிக் என்னும் வைத்தியர் வந்து சேர்ந்தார். ஸ்வீடன் தேசத்துப் பெருந்தாவர அறிஞர் லின்னேயஸிடம் பயின்றவர் அவர். 1776-இல் ராட்லர் என்னும் பாதிரியார் வந்தார். இவர்களும் நண்பர்களும் காடுமேடெல்லாம் சுற்றிச் செடிகளைச் சேகரித்தனர். ஒருவர் கண்டதை மற்றவருக்கு அனுப்பினர். ஐக்கிய சகோதரர் என்ற பெயரில் கூடி ஆராய்ந்தனர். புதுச் செடிக்குப் பெயரிடும் புகழை ஒருவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், எல்லாருடைய பெயராலும் பொதுவாகவே இட்டனர். கோனிக் 1785-இல் காலமானார். அடுக்களைக் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் இட்ட லத்தீன் பெயரில் அவர் பெயர் இன்றும் விளங்குகிறது. ராட்லர் பிற்காலத்தில் தமிழ் ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்து, 1836-இல் சென்னையில் மறைந்தார்.

பல கண்கள் கண்டதை ஓர் ஏட்டில் சேர்ப்பதே அவர்கள் செய்த காரியம். அங்கத்தினர்களும் அதைச் செய்யலாம். உதிர்ந்த பூவையும் இலையையும் பழைய செய்தித்தாளில் பரப்பி, மேலே பாரம் வைத்து, தினந்தோறும் தாளை மாற்றினால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். அதைத் தடித்த தாளில் ஒட்டி, ஊர்ப்பெயர், கண்ட இடம், தேதி, அவ்வூரார் வழங்கும் பெயர், பூவின் நிறம், மொய்த்த தேனீ வண்டு, சொல்லப்பட்ட உபயோகம் ஆகியவற்றை எழுதவேண்டும். நிறம் உலர்ந்தபின் மாறுமாகையால் கண்டவுடன் குறித்துக்கொள்ளல் அவசியம். சங்கக் கட்டடத்தில் கணக்கேடுகளின் பக்கத்தில் இவ்வேடும் இருக்கட்டும். செடியின் பெயர் அறிந்த முதியவர் காலமானால், ஏட்டில் எழுதப்படாத பெயர் அவரோடு போய்விடும்.

6. தனிமரத்தின் நிலை

இப்பயணத்தில் கண்ட உண்மைகளில் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. ஐந்து வனங்களிலும் வனம் இல்லை. தல விருட்சம் என்று காட்டப்படும் மரமோ செடியோதான் வனத்தின் நினைவாக எஞ்சியுள்ளது. காட்டைத் திருத்தி நெல் விளைத்தது குற்றமன்று. சோழர் காலத்துக்கு முன்பிருந்தே அந்நெல்லினால்தான் இந்நாடு பிழைத்தது. தாராசுரத்தில் இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் கல்லில் கொடியும் மலரும் இன்றும் வாடாமல் இருக்கின்றன. 2004-இல் யுனெஸ்கோ அக்கோயிலை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அதைக் காக்கச் சட்டமும் காவலும் உள்ளன. கல்லிலுள்ள மலருக்கு இத்தனை பாதுகாப்பு இருக்க, கரையிலுள்ள மலருக்கு ஒன்றும் இல்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தை அடுத்துக் கரை கடந்த கஜா புயலில் தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் எண்ணற்ற தென்னைகளும் மரங்களும் சாய்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நூறு மரம் உள்ள இடத்தில் பத்து சாய்ந்தால் தொண்ணூறு நிற்கும். ஒரே மரம் உள்ள ஊரில் அது சாய்ந்தால் வித்துக்கும் மரம் இராது. ஒரே அங்கத்தினரை நம்பிய சங்கம் எவ்வாறு நிலைக்காதோ, அவ்வாறே ஒரே மரத்தை நம்பிய வனமும் நிலைக்காது.

7. சங்கம் செய்யத்தக்கது

பயணம் முடிந்து திரும்பியபின் அடுத்த கூட்டத்தில் பின்வரும் காரியங்களை ஆலோசித்துத் தீர்மானிக்கலாம்.

முதலாவது, பாதிரி, வன்னி, வில்வம் ஆகிய மூன்று மரங்களின் வித்தையும் உரிய பருவத்தில் அனுமதியோடு சேகரித்தல். வில்வ வித்தைப் பழத்திலிருந்து எடுத்தவுடன் கழுவி விதைக்கவேண்டும். வன்னி வித்துக்குத் தோல் கடினமாகையால் ஓரத்தைச் சிறிது தேய்த்து, நீரில் ஊறவைத்து விதைத்தல் நலம். பாதிரிக் காயை வெடிக்குமுன் எடுக்கவேண்டும். முல்லையைப் பதியனால் பெருக்கலாம். பூளைக்கு ஒன்றும் செய்யவேண்டுவதில்லை. வரப்பின் மேட்டில் அதை விட்டுவைத்தாலே போதும்.

இரண்டாவது, நாற்று நடும் இடம். ஆற்றங்கரை நீர்வளத் துறையின் பொறுப்பிலும், குளக்கரையும் பாதையோரமும் பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பிலும் இருப்பதால், முன்னதாகவே எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும். பள்ளிக்கூட வளாகமும் சங்கத்தின் சொந்த இடமும் ஏற்றவை.

மூன்றாவது, காவல். நட்ட நாளில் கூட்டம் சேரும். மூன்றாம் மாதத்தில் ஆடு மேயும். ஆகையால் நூறு கன்று நட்டுக் கைவிடுவதைவிடப் பத்துக் கன்று நட்டுக் காப்பது மேல். ஒவ்வொரு கன்றும் ஓர் அங்கத்தினர் பெயரில் ஏட்டில் பதியப்படவேண்டும். முதல் மூன்று கோடைகளுக்கு நீர் ஊற்றுவதும் முள்வேலி பழுதுபார்ப்பதும் அவர் கடமை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, நிற்கும் கன்று எத்தனை, பட்டது எத்தனை, காரணம் என்ன என்பதையும் வாசிக்கவேண்டும். பட்ட கன்றை மறைப்பது, வராக் கடனை மறைப்பது போலவே சங்கத்துக்குக் கேடு.

நான்காவது, செலவு. சட்டமும் துணைவிதியும் இடங்கொடுக்கும் அளவுக்குப் பொதுநன்மை நிதியிலிருந்து செலவு செய்யலாம். பயணச் செலவை அவரவரே பங்கிட்டுக்கொள்வது நல்ல முன்மாதிரியாகும்.

பாதிரிக் கன்று மரமாகிப் பூக்க ஆண்டுகள் பல ஆகும். நட்டவர் அப்பூவின் மணத்தை நுகராமலும் போகலாம். ஆயினும் சங்கத்தில் சேமநிதி வைப்பவர் தம் ஆயுளைக் கணக்கிட்டு வைப்பதில்லை; பின்வருவோரை எண்ணியே வைக்கின்றனர். வனம் என்ற பெயரை முன்னோர் விட்டுச் சென்றனர். அப்பெயருக்குப் பொருள் உண்டாக்குவது இன்றுள்ள அங்கத்தினர்களின் கையில் இருக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. ஐந்து வனங்களின் பெயர்களையும் அவற்றுக்குரிய ஊர்களையும் கூறுக. அவற்றுள் சித்திரையில் பூக்காதவை எவை?
2. வன்னியையும் சீமைக்கருவேலையும் பிரித்தறியும் அடையாளங்கள் யாவை?
3. உளுந்து அறுவடைக்குப் பின் தேனீக்கு உணவு எங்கே கிடைக்கிறது? அதனால் எந்தப் பயிர்களுக்கு நன்மை?
4. தங்கள் ஊரில் ஒரே ஒரு மரமாக எஞ்சியுள்ள இனம் எது? அதன் வித்து எப்பருவத்தில் முற்றும்? முதியவர்களைக் கேட்டு எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசிக்க.